வெள்ளைப் பூ வந்த பிறகு

எலப்புள்ளி,
4-2-1977, வெள்ளி.

அன்புள்ள மாமாவுக்கு, பொன்னாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அத்தையும் மாடு கன்றுகளும் நலம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து உங்கள் கடிதம் வந்தது. மலை உச்சியில் மூச்சு முட்டுகிறது என்று ஒரு வரி, கவலைப்படாதே என்று அடுத்த வரி. நல்ல ஆள் நீங்கள்! கம்பளித் தொப்பியைக் கழற்ற வேண்டாம்.

நீங்கள் எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சில வால்நட்சத்திரங்கள் சூரியனைச் சுற்றிச் சுற்றி வாலை இழந்து, மேலே கரி போல ஓடு மூடி, வெறும் கல்லாகத் தெரியும். அகச்சிவப்புத் தொலைநோக்கியில் அப்படி ஒன்றின் சூட்டை அளந்தால், கல்தானா, உள்ளே பனிக்கட்டியோடு உறங்குகிறதா என்று துப்புக் கிடைக்கும். இதையெல்லாம் எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். அத்தை காதிலேயே வாங்கவில்லை. போன வருடம் கிழக்கே வால்நட்சத்திரம் தெரிந்த மாதத்தில்தானே உங்கள் அப்பா தவறிப்போனார். அதைப் போய் இவன் தேடித் தேடிப் பார்க்கிறானே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா என்று ஒரே புலம்பல்.

கடைசியில் மாரியம்மனிடம் பூக் கேட்டார். உங்கள் வேலையால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லையென்றால் வெள்ளை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இலையில் மடித்துப் போட்ட சிவப்புப் பூவிலும் வெள்ளைப் பூவிலும் ஒன்றை எடுக்க, வெள்ளையே வந்தது. அன்றிலிருந்து எதிரே வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் பெருமைதான்.

இனி என் சேதி. புதன்கிழமை முதல் நம் பிள்ளை அசையவில்லை. எட்டாம் மாதம். ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். பயமாக இருக்கிறது மாமா. அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் பழி மறுபடி உங்கள் வேலைமேல் விழும். உடனே வா என்று தந்தி அடிப்பார், நீங்களும் வந்துவிடுவீர்கள். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். என்ன புத்தி எனக்கு!

சனி, காலை.

விடிந்ததும் அத்தையிடம் சொல்லிவிட்டேன். வால்நட்சத்திரம் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. என் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "சூடு இருக்குது கண்ணு. எம்பையன் பாக்கற கல்லாட்டத் தூங்குது. கெளம்பு, ஆசுபத்திரிக்குப் போலாம்" என்றார். நான் படித்தது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

பாலக்காடு பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அத்தை சேலை மாற்றுகிறார். இதை வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். நல்ல சேதியானால் தந்தி முந்திக்கொண்டு வந்திருக்கும். தந்தி இல்லாமல் இது மட்டும் வந்தால், மாமா, அந்தக் கல்லின்மேல் பழி போட்டு வேலையை விட்டுவிடாதீர்கள். வெறும் கல் எது, தூங்குவது எது என்று கண்டுபிடிக்க ஒருவராவது இருக்கட்டும்.

உங்கள்
பொன்னாத்தாள்