வேன் ஏன் துள்ளியது

செப்டம்பர் 9

புருல் கம்பளத்தை முடித்துவிட்டாள். கோடை முழுக்க, வயிற்றைத் தள்ளிக்கொண்டே ஆட்டு ரோமத்தை அடித்து உருட்டி, சிவப்பில் ஆட்டுக்கொம்புக் கோலம் வைத்துத் தைத்தது. எங்கள் பழைய வேனின் தரைக்கு! "பிள்ளையோட திரும்பி வர்றப்ப குளிரக்கூடாதுக்கா." மூன்று விரல் கனம். ஓட்டுநர் காலடி வரை விரித்து, ஓரங்களை இருக்கைக் கால்களோடு சேர்த்துத் தைத்தும்விட்டாள். என் வீட்டுக்காரர் எசென் உள்ளங்கைகளை விரித்து, "வெள்ளைப் பாதையாகட்டும்" என்று பயண ஆசி சொன்னார். கொழுந்தன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி புருல் இப்போது எங்கள் பொறுப்பு.

செப்டம்பர் 11

வேன் துள்ளுகிறது. இரண்டாவது கியருக்கு மாற்றினால் பின்னாலிருந்து மாடு முட்டியதுபோல ஒரு தூக்கு. நிறுத்திவைத்து ரிவர்ஸ் போட்டால் நறநறவென்று பல்லைக் கடிக்கிறது. "குளிர் வந்துருச்சுல்ல மைராம், ஆயில் கெட்டியாயிருக்கும்" என்கிறார் எசென். ஓட்டுகிறவள் நான். எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 12

கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினோம். இரும்புத் தூள் துளிகூட இல்லை. கீழே படுத்து, கியர்பாக்ஸின் பக்கவாட்டு ஓட்டைக்குள் விரலை விட்டேன். அம்மாடி! ஒவ்வொரு கியர்ப் பல்லும் முழுசாக, கூராக. என் வயசு வண்டி இது. எத்தனை கணவாய், எத்தனை ஆட்டு மந்தை, எத்தனை கல்யாணக் கூட்டம்! எனக்கே கடைவாயில் இரண்டு போய்விட்டன. இதற்கு ஒன்றுகூடப் போகவில்லை. உடம்பு சிலிர்த்தது. விரலை எடுக்கவே மனமில்லை.

"என்னடி, அங்கயே தூங்கிட்டியா?" என்றார் எசென்.

புது ஆயிலுக்கும் அதே துள்ளல்.

செப்டம்பர் 13

செவிலி வந்து பார்த்தார். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். இங்கே மேய்ச்சல் மலையில் பிரசவம் கூடவே கூடாது, நாரின் நகர ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார். மற்ற கூடாரக்காரர்கள் எல்லாம் ஊருக்கு இறங்கிவிட்டார்கள். இருப்பது எங்கள் வண்டி மட்டும். ஏற்றத்தில் கியர் விழாமல் பின்னால் உருண்டால்? - எழுதவே கை வரவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பார்த்தேன். நாலும் சத்தமில்லாமல் விழுந்தன. எஞ்சின் ஓடினால்தான் நறநற. அப்படியானால் கியர்பாக்ஸ்மேல் குற்றமில்லை. கிளட்ச்தான் எஞ்சினைக் கியரிலிருந்து முழுசாகப் பிரிக்கவில்லை. ஆனால் கிளட்ச் ஆயில் சரியாக இருக்கிறது, காற்றுக் குமிழும் இல்லை. பிறகு என்னதான் உனக்கு?

செப்டம்பர் 14

விடை இல்லை. புருலுக்கு இடுப்பு வலி. விடிந்ததும் கிளம்புகிறோம், துள்ளினாலும் சரி.

செப்டம்பர் 15, ஆஸ்பத்திரி பெஞ்சு

கணவாய் ஏற்றத்தின் கடைசி வளைவில் முதல் கியர் விழவே இல்லை. பனி. வலது பக்கம் பள்ளம். எசென் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்தார். பின்னால் புருல் முனகுகிறாள். பூட்ஸில் பனி ஒட்டி வழுக்கியது, கழற்றி எறிந்தேன். வெறும் காலுறையோடு கிளட்சை அழுத்தினேன்.

மெத்தென்று நின்றது.

இரும்பு போய் நிற்கிற இடத்தில் மெத்து எப்படி வரும்? குனிந்து பார்த்தேன். கம்பளம்! பெடல் அதில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஐயோ, ஆசி சொல்லி விரித்த கம்பளத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

அவளிடம் எப்படிச் சொல்வது என்று விழித்தேன். அவளே எட்டிப் பார்த்துவிட்டாள்.

"வெட்டுங்கக்கா!"

"கோலம் போயிடுமேடி..."

"கோலமா இப்ப முக்கியம்? வெட்டுங்கன்னா!"

எசென் கத்தியை நீட்டினார். பெடலுக்கு அடியில் ஒரு துண்டு அறுத்தெடுத்தேன். மிதித்தேன், பெடல் அடிவரை போனது. முதல் கியர் வெண்ணெய்போல வழுக்கி விழுந்தது. வண்டி ஏறியது! துள்ளாமல், முனகாமல். உச்சியில் வெயிலும் வெள்ளை மலைகளும் கண்ணை நிறைத்தன. நான் ஓவென்று அழுதேன். "ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார் எசென், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

உள்ளே புருலுக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது.

செப்டம்பர் 15, மாலை

பெண். தலை நிறைய முடி. தாயும் நலம்.

அக்டோபர் 24

இன்று தொட்டிலில் போட்டோம். பெயர் பெர்மெத். அவளைக் கிடத்துமுன் அடியில் எதையோ விரித்தாள் புருல். நான் அறுத்த துண்டு! கிளட்ச் பட்ட கறுப்புத் தடத்தைக்கூட அவள் கழுவவில்லை. அதில் ஆட்டுக்கொம்பு பாதிதான் இருக்கிறது.

மீதிப் பாதி வேனில், என் இடது காலடியில் இருக்கிறது. சந்தைக்குப் போகும் வழியெல்லாம் கியர் மாற்றும்போது குனிந்து குனிந்து அதையே பார்த்தேன்.