ஒன்பதாம் பாகத்தின் பின்பாதி

துருவின் வாசனை விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. காமிக்ஸின் உன் பாதியில் நீ குத்தி வைத்திருந்த ஊக்கு அந்த அளவுக்குத் துருப்பிடித்திருந்தது.

இன்று பெருங்களத்தூர் போயிருந்தேன். உன் துணிமணிகளைப் பிரித்துக் கொடுக்கத் துணைக்கு வரும்படி உன் வீட்டுக்காரர் கூப்பிட்டிருந்தார். பீரோவில் புடவைகளுக்கு அடியில் அது இருந்தது.

பள்ளிக்கூட நாளில் தாம்பரம் ஸ்டேஷன் கடைக்குப் புதுப் பாகம் வந்தால் சேர்ந்துதான் வாங்குவோம். யார் முதலில் படிப்பது என்று சண்டை வந்து, ஒருநாள் நீ ஓரத்துப் பின்களைப் பிடுங்கிப் புத்தகத்தை இரண்டாக்கினாய். அன்றிலிருந்து முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. மறுநாள் ப்ரேயர் மணி அடிப்பதற்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். முடிவை முதலில் படிப்பவள் நீ. அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். நீ திறந்ததில்லை, சிரித்தே என் உயிரை வாங்கினாய்.

ஒன்பதாம் பாகம் மட்டும் கை மாறவில்லை. கதாநாயகி செங்கனி தன் தம்பியைத் தேடிக்கொண்டு கல்வாசலுக்குள் கால் வைப்பதோடு என் பாதி நின்றுவிட்டது. வாசல் மூடிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் நீங்கள் பெருங்களத்தூருக்குக் குடிபோனீர்கள். மீதியைக் கேட்டுத் தேடி வந்தேன். தோசை கொடுத்தாய், புத்தகத்தைக் கொடுக்கவில்லை.

"குடுத்துட்டா நீ இந்தப் பக்கமே வர மாட்ட."

பிறகு வேலை, கல்யாணம், உனக்கு ஒரு மகள். ஒவ்வொரு தடவையும் கேட்பேன், அதே பதில்தான் வரும். கடையில் வேறு பிரதி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. ஜிஎஸ்டி ரோட்டு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு உன்னிடம் வர எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

உன் கடைசி மாதத்தில் ஆபீஸ் விட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வருவேன். களைப்பில் என்ன பேசுவதென்றே தெரியாது. அப்படி ஒரு சாயங்காலம், செங்கனி என்னதான் ஆனாள் என்று கேட்டேன். முதல் தடவையாக நீ சட்டத்தை மீறினாய்.

"வெளிய வந்துட்டா டி. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு."

இன்று உன் கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். அவள் வெளியே வரவில்லை. கடைசிக் கட்டத்தில் வாசல் மூடிவிட்டது, உள்ளே ஒரே இருட்டு. அடுத்த பாகம் விரைவில் என்று கீழே போட்டிருக்கிறது. இத்தனை வருஷமும் உன்னிடம் முடிவு என்று ஒன்று இருந்ததே இல்லை. பாவி. உன்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. உட்கார்ந்து அழுதேன்.

உன் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். இந்தப் பாதியை எத்தனையோ தடவை எடுத்துப் படித்திருக்கிறாளாம். செங்கனி எப்படி உள்ளே போனாள் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"முன்பாதி உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொன்னாங்க. குடுப்பீங்களா ஆன்ட்டி?"

நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கொடுத்துவிட்டால் அப்புறம் இந்த வீட்டோடு எனக்கு என்ன இருக்கிறது என்று பயந்தேன்.

"குடுக்க மாட்டேன்" என்றேன். "கீழ்க்கட்டளைக்கு என் வீட்டுக்கு வந்து படிச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். நாலைந்து பக்கத்துக்கு மேல் ஒரே நாளில் காட்டப் போவதில்லை.