கழுத்தில் தெரிந்த வெளிச்சம்

டிசம்பர் 19, வெள்ளி

மார்கழி நாலாம் நாள். ஐந்து மணிக்குப் பச்சைத்தண்ணீரில் தலைக்குக் குளியல். பல் கிட்டிப்போய்விட்டது. மாடியில் நின்று மலையைப் பார்த்து விளக்கேற்றினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் கழுத்தில் கட்டி வந்து, புற்றுநோய் என்று சொல்லி, ஆறு மாத மருந்தில் கரைந்தது. திங்கட்கிழமை ஸ்கேன் சுத்தமாக வரவேண்டும். அதற்குத்தான் முப்பது நாளும் இந்தக் குளியல் என்று அண்ணாமலையாரிடம் வேண்டியிருக்கிறேன். வீட்டுக்காரருக்கோ கிண்டல். டவுன் பஸ் ஓட்டுகிற மனுஷன், மதிய டூட்டி என்றால் எட்டு மணிக்கு முன் எழுந்ததே கிடையாது. போர்வைக்குள்ளிருந்தபடியே, "சாமிக்கே குளிரும், விடுடி ஓவியா" என்கிறார்.

டிசம்பர் 22, திங்கள்

வேலூரில் ஸ்கேன் முடிந்தது. ஈரத்தலையோடு முதல் பஸ், அதுவும் ஜன்னலோரம். ஊசி போட்டு ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் படுக்கவைத்தார்கள். நடுங்கினேன். போர்வை கேட்கக் கூச்சம்.

டிசம்பர் 24, புதன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஸ்கேன் படத்தில் கழுத்தின் இரண்டு பக்கமும் வெளிச்சம். நோய் திரும்பியிருக்கலாம் என்று இங்கிலீஷில் ஒரு வரி.

என்ன தப்பு செஞ்சேன் நான்? ஒரு நாள்கூட குளியல் தவறலையே.

டிசம்பர் 26, வெள்ளி

நான் வேலை பார்க்கும் செங்கம் ரோடு கெஸ்ட் ஹவுஸில் ஒரே அறையை இரண்டு பேருக்குப் பதிந்துவிட்டேன். முதலாளியம்மா திட்டியது காதில் ஏறவே இல்லை. கை தன்னால் கழுத்துக்குப் போகிறது. தொட்டால் கட்டி இருக்கிற மாதிரியும் இருக்கு — இல்லாத மாதிரியும். காலையில் நாலு சொம்பு கூடுதலாகவே ஊற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 29, திங்கள்

டாக்டர் சிந்துஜா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "ஸ்கேன் அன்னைக்குக் குளிர்ல இருந்தீங்களாம்மா?" நான் மழுப்பப் பார்த்தேன். கூட வந்த இவர்தான், "தினம் விடியக்காலைல பச்சைத்தண்ணில குளிக்கிறா டாக்டர், வேண்டுதல்" என்று போட்டுக்கொடுத்தார்.

உடம்பில் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறதாம். மற்ற கொழுப்பு மாதிரி சும்மா சேர்ந்து கிடக்காது. குளிர் பட்டால் சர்க்கரையை எரித்து உடம்பைச் சூடாக்கும். கழுத்தோரம்தான் அதிகம், ஒல்லியானவர்களுக்கு இன்னும் ஜாஸ்தி. ஸ்கேனுக்குப் போட்ட ஊசியும் ஒருவகைச் சர்க்கரைதான். அதை எது இழுத்தாலும் படத்தில் மின்னும், கட்டியானாலும் கொழுப்பானாலும்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியா டாக்டர்?"

"அப்படி இப்பவே சொல்ல மாட்டேன். எட்டாம் தேதி திரும்ப எடுக்கலாம். அதுவரைக்கும் வெந்நீர், ஸ்வெட்டர். பச்சைத்தண்ணி தொடவே கூடாது."

பஸ்ஸில் இவர் சொல்கிறார்: "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தினு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன்." சிரிக்க முயன்றேன், அழுகைதான் வந்தது.

டிசம்பர் 30, செவ்வாய்

வேண்டுதலை விட்டால் சாமி குத்தம். விடாவிட்டால் ஸ்கேனில் மறுபடி குழப்பம். பாதியில் விட்டதாலேயே நோய் வந்துவிட்டால்? பைத்தியக்காரத்தனம்தான், தெரியுது. பயமா இருக்கே.

இவரிடம் சொல்லிவிட்டேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். என் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தார். அப்புறம், "எங்க டிப்போல உடம்பு முடியலனா ஒருத்தர் டூட்டிய இன்னொருத்தர் பார்ப்போம். உன்னோடத நான் பார்க்கறேன். சாமிகிட்ட சொல்லிடு" என்றார்.

டிசம்பர் 31, புதன்

ஐந்து மணிக்குக் குளியலறையில் ஒரு அலறல். கீழ்வீட்டு ஜோதியம்மாள், யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று ஓடிவந்துவிட்டார்.

ஜனவரி 8, வியாழன்

இந்தத் தடவை இரண்டு போர்வை, நானே கேட்டு வாங்கினேன். அசையாமல் படுத்திருந்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

ரிப்போர்ட் இன்றும் வரவில்லை. சோறு இறங்கவில்லை.

ஜனவரி 10, சனி

கழுத்தில் வெளிச்சம் இல்லை. எங்கேயுமே இல்லை. கட்டி இல்லை, போன தடவை மின்னியது கொழுப்புதான் என்று டாக்டரே போன் செய்தார். போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 11, ஞாயிறு

ஐந்து மணிக்கு மறுபடியும் தண்ணீர்ச் சத்தம். "அதான் நல்ல சேதி வந்தாச்சே, விடுங்க" என்றேன். பல் தந்தியடிக்க, "இன்னும் நாலு நாள் இருக்கில்ல. ஆளுங்கள ஏத்திக்கினு நடுவழியில வண்டிய நிறுத்துவாங்களா?" என்கிறார்.

ஜனவரி 15, வியாழன்

தை பிறந்துவிட்டது. பானையை நானே அடுப்பில் ஏற்றினேன். மணி எட்டரை, இவர் இன்னும் எழவில்லை. பால் பொங்கி வழிந்தபோது, தூக்கம் கலைந்துவிடப்போகிறதே என்று பொங்கலோ பொங்கலை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.