ஜக்கெற்றுக்குள் ஒரு துண்டுப் பாண்

ஜனவரி 11, 2025 – சனி

அருங்காட்சியகத்தில் வழிகாட்டிப் பயிற்சி இன்று தொடங்கியது. அந்தக் காலத்தில் அநாதைப் பிள்ளைகள் இல்லமாக இருந்த கட்டடம். அறுபது பிள்ளைகள், மூன்று மாடி, ஒரேயொரு குளியலறை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மூன்று இருக்கிறது, அப்படியிருந்தும் காலையில் சண்டை.

அஜக்ஸில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து இவர்தான் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே வரச் சொன்னேன். "நீர் போம். நான் காருக்குள்ள இருக்கிறன்." நாலு மணித்தியாலம், இந்தக் குளிரில். மட்டக்களப்பில் போர்டிங்கில் நின்று படித்த பெரிய இடத்துப் பிள்ளையல்லவா, ஏழைப் பிள்ளைகளின் கட்டிலைப் பார்த்தால் மரியாதை குறைந்துவிடுமாக்கும். முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்தார்.

ஜனவரி 14

பொங்கல். பானை நிறையப் பொங்கி வைத்த அன்றும் இவருடைய ஜக்கெற் பைக்குள் ரிசுப் பேப்பரில் சுற்றிய அரைத் துண்டுப் பாண். கல்யாணம் கட்டி முப்பத்தொரு வருடமாக இதே கதை. எங்கள் வீட்டு எலிக்கு மீசையும் பென்ஷனும் இருக்கிறது.

ஜனவரி 25 – சனி

கிளடிஸ்தான் பயிற்சி தருகிறாள். மன்னார்ப் பிள்ளை. வயது முப்பது இருக்காது, என்னைத் திருத்தும்போது மட்டும் ஐம்பது. மார்ச் முதலாம் திகதி நான் தனியாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும். சரியாகச் செய்தால் பெயர் எழுதிய அட்டை தருவார்கள்.

அன்றைக்காவது உள்ளே வரச்சொல்லி இவரைக் கேட்டேன். கார் கழுவவேண்டுமாம். மார்ச் மாதம், சேற்றுப் பனிக்குள்! என்னுடைய ஒரு காரியத்தையாவது வந்து பார்த்தால் என்ன? வேறென்ன கேட்டேன் இந்த மனிசனிடம்?

பெப்ரவரி 15 – சனி

சாப்பாட்டு அறைச் சுவரில் பழைய விதிப் பலகை இருக்கிறது. 'மேசையிலிருந்து பாண் எடுத்துச் செல்லக்கூடாது.' பிள்ளைகள் ஏன் எடுத்தார்கள் என்று கிளடிஸிடம் கேட்டேன்.

"பசியில இல்ல அன்ரி. நாளைக்குக் கிடைக்குமோ எண்ட பயத்தில."

எழுதிக்கொண்டேன். வரும் வழியில் காருக்குள் இவருக்கும் சொன்னேன். 401 நெடுஞ்சாலையில் அஜக்ஸுக்கு இறங்கும் இடத்தைத் தவறவிட்டார். இருபது வருடமாக இறங்கும் இடம். கண்ணை ஒருக்கால் டொக்டரிடம் காட்டச் சொன்னேன்.

மார்ச் 1 – சனி

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் காருக்குள் விட்டுவிட்டேன். கிளடிஸ் போன் எடுத்துச் சொல்ல, இவர் கொண்டுவந்தார். வாசலில் தந்துவிட்டுத் திரும்புவார் என்று பார்த்தால் இல்லை. பிள்ளைகள் படுத்த அறைக்குள் நேரே போனார். கயிற்றைத் தாண்டினார். காட்சிக்கு விரித்து வைத்திருந்த கட்டிலை உதறிக் கலைத்தார்.

"அங்கிள், தொடக்கூடாது!" என்று கிளடிஸ் ஓடிவந்தாள்.

"பிழையா விரிச்சிருக்கு மகள். போர்வையில தைச்ச நம்பர் கால்மாட்டில வெளியால தெரியவேணும். தெரியாட்டிக் காலமைச் சாப்பாடு இல்ல."

மூலையை மடித்து, துவாயை நாலாக்கி, நம்பரை வெளியே எடுத்து வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிளடிஸ் பழைய புகைப்படத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். எல்லாக் கட்டிலிலும் அப்படியேதான்.

"இதெல்லாம் எங்க பழகினீங்கள் அங்கிள்?"

என்னைப் பார்த்தார். "போர்டிங்கில" என்றார். பிறகு, "இல்ல. அநாதை இல்லத்தில" என்றார்.

பன்னிரண்டு பேருக்கு முன்னால் நான் மிச்சத்தை என்ன சொன்னேன் என்று தெரியாது. அட்டை தந்தார்கள்.

மார்ச் 2

இன்று சமைக்கவில்லை. இவர் சொன்னார், நான் கேட்டேன்.

அம்மா செத்தபோது இவருக்கு ஐந்து வயது. பதினேழு வயதுவரைக்கும் மட்டக்களப்பில் வெள்ளைக்காரப் பாதிரிமார் நடத்திய அநாதை இல்லத்தில்தான். நம்பர் நாற்பத்தொன்று. "போர்டிங் எண்டு உங்கட அப்பாவுக்குச் சொன்னது தரகர். நான் திருத்தேல்ல. பொம்பிள தரமாட்டாங்க எண்டு பயம். பிறகு, நீர் பகிடி பண்ணுவீர் எண்டு பயம்."

முப்பத்தொரு வருசம். எனக்குப் பார்த்து விட்டுப்போன மாப்பிள்ளைமாரின் கதையெல்லாம் இந்த மனிசனுக்குப் பாடம். இவர் ஒண்டு, ஒரேயொண்டு... எனக்குச் சொல்ல ஏலாதா? கோபம் வந்தது. பிறகு அந்த எலிக் கதை ஞாபகம் வந்தது. எத்தனை பேருக்கு முன்னால் சொல்லிச் சிரித்திருப்பேன். வெட்கமாக இருக்கிறது. வாய் இருக்கே எனக்கு.

மார்ச் 9

ஒரு கிழமையாகப் பகிடி பண்ணவில்லை. "உமக்குச் சுகமில்லையோ?" என்று கேட்கிறார்.

ஏப்ரல் 5 – சனி

கிளடிஸ் கேட்டுக்கொண்டபடி இன்று இவர் கட்டில் விரித்துக் காட்டினார். என் பக்கம் ஆறு பேர். இவருடைய கட்டிலைச் சுற்றிப் பத்தொன்பது. நான் ஏழு கிழமை பாடமாக்கியது, இவருக்கு ஒரு போர்வை போதுமாயிருந்தது. இதைச் சொல்லியே தீருவேன் என்று காரில் சொன்னேன். சுகம் வந்துவிட்டது என்றார்.

எழுத மறந்தது: காலையில் இவருடைய ஜக்கெற் பையைத் தடவிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது, முதல் தடவையாக. சந்தோசப்படவேண்டியதுதானே? மனம் கேட்கவில்லை. ஒரு துண்டுப் பாணை ரிசுவில் சுற்றி நானே வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது சிக்னலில் நின்ற நேரம் பைக்குள் கையை விட்டார். ரிசுவைப் பிரித்துப் பார்த்தார்.

"எங்கட வீட்டில ரெண்டு எலி போல கிடக்கு" என்றார். பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தார்.