கதிரையில் இருந்து செய்கிற வேலை

அம்மா,

மேல் வீட்டில் யாரோ மிளகாய் வறுக்கிறார்கள். இந்த நாட்டுத் தொடர்மாடிகளில் அதைச் செய்யக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். புகை மணி அடித்தால் தீயணைக்கிற வண்டி வந்து நிற்கும். ஆனாலும் எங்கள் சனம் விடாது. யன்னல்களைத் திறந்து, மணிக்குக் கீழே ஈரத் துவாயை விசிறிக்கொண்டு வறுக்கும். காலையில் அந்த நெடி குளியலறைக் காற்றுக்குழாய் வழியாக எங்கள் வீட்டுக்குள் இறங்கியது. முதலில் தும்மல், பிறகு இருமல், பிறகு என் கை தானாகப் போய்க் கதவுப் பூட்டைப் பார்த்தது. பூட்டித்தான் இருந்தது. திரும்பவும் ஒருமுறை பார்த்தேன். மிளகாய் நெடிக்கும் கதவுப் பூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இவர் கேட்டார். சொல்லத் தொடங்கினால் நீளும் என்று சிரித்துச் சமாளித்தேன். உங்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் உங்களோடுதான் கதைக்க வேண்டும் போல இருக்கிறது.

பயப்படுவதை ஒரு முழுநேர உத்தியோகமாகச் செய்தவர் நீங்கள். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் தென்பகுதியில் ஐயாவின் கடை எரிந்து, அவர் உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கினாரே, அன்று தொடங்கியது அது. அதற்குப் பிறகு அனலைதீவில் காற்றடித்தாலும் பயம், காற்று நின்றாலும் பயம். ஐயா புகையிலைத் தோட்டத்துக்குப் போய் வரக் கொஞ்சம் சுணங்கினால் ஒழுங்கை முகப்பில் போய் நிற்பீர்கள். வந்தவுடன் அவருக்கு ஏச்சு விழும்.

அண்ணையும் நானும் கிழமைக்கு ஓர் உத்தியோகம் பார்த்த வயது அது. அண்ணைக்கு ரயில் நிலையத்தில் ஸ்ரேசன் மாஸ்ரராக வர ஆசை. எங்கள் தீவில் தண்டவாளம் இல்லை, வரப்போவதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரேயொரு தரம் பச்சைக் கொடி காட்டுகிறவரைப் பார்த்துவிட்டு வந்து வேலியில் என் பழைய சட்டையை ஆட்டிக்கொண்டு நின்றார். "கொடி காட்ட மறந்தியெண்டா எத்தினை சனம் சாகும், யோசிச்சுப் பாத்தியே?" என்று கேட்டீர்கள். அதோடு அந்த ரயில் நின்றது. நான் லோஞ்சுப் படகு ஓட்டப் போகிறேன் என்றேன். "கடல் பெருத்தா?" நேர்ஸ் வேலை என்றேன். "வாற வருத்தக்காரரின்ர வருத்தமெல்லாம் உனக்குத்தான் தொத்தும்." தபால் கந்தோரில் இருக்கப் போகிறேன் என்றேன். "செத்தவீட்டுத் தந்தியெல்லாம் உன்ர கையாலதான் போகும். பிறகு உன்ர முகத்தில ஆர் முழிக்கிறது?" வானொலியில் செய்தி வாசிக்கப் போகிறேன் என்றதற்கு, கொழும்பு என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. எந்த வேலையைச் சொன்னாலும் அதற்குள் இருக்கிற சாவை நெல்லில் கல் எடுப்பதுபோல எடுத்து வெளியே வைத்துவிடுவீர்கள்.

ஒருநாள் நான் கதை எழுதப் போகிறேன் என்றேன். குசினி வாசலில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். கை நின்றது. கனநேரம் யோசித்தீர்கள். அந்த வேலையில் கடல் இல்லை, வருத்தம் இல்லை, கொழும்பு இல்லை. எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை.

"அது கதிரையில இருந்து செய்யிற வேலைதானே. விழுந்தாலும் கதிரையாலதான் விழுவாய். எழுது பிள்ளை."

அந்தச் சந்தோசத்தில் அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். நீங்கள் சம்மதித்த ஒரே உத்தியோகம் அது என்பதாலேயே அதைப் பிடித்துக்கொண்டேனோ என்று இப்போது சில வேளை நினைப்பதுண்டு.

பிறகு அண்ணை போனார். சைக்கிளுக்கு ரியூப் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று காலை லோஞ்சில் ஊர்காவற்றுறைக்குப் போனவர், பின்னேர லோஞ்சில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. தானாகப் போனார் என்றது ஒரு கதை, கூட்டிக்கொண்டு போனார்கள் என்றது இன்னொரு கதை. எங்களுக்கு ஒன்றும் உறுதியாகத் தெரியாது. இன்றுவரை தெரியாது. கொஞ்ச நாள் பின்னேரங்களில் இறங்குதுறைக்குப் போய் நின்றீர்கள். பிறகு போவதை நிற்பாட்டினீர்கள். வீட்டில் அவர் பேரைச் சொல்வதையும் நிற்பாட்டினீர்கள். அவ்வளவு காலமும் எல்லாவற்றுக்கும் வாய் ஓயாமல் பயந்த நீங்கள், பயப்பட்டது நடந்த பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

வீட்டில் பேச முடியாததை நான் எழுதினேன். பதினாறு வயது. ஒரு தாய், ஒரு மகன், ஓர் இறங்குதுறை. பின்னேர லோஞ்ச் வருகிறது, எல்லாரும் இறங்குகிறார்கள், அவன் இல்லை. தாய் தனியே வீட்டுக்குத் திரும்புகிறாள். அதோடு கதை முடிகிறது. நடுவில் ஒரு வரி வைத்திருந்தேன்: "கூட்டிக்கொண்டு போனவர்கள் எங்கே என்று தாய்க்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்." யாழ்ப்பாணத்துப் பேப்பர் ஒன்றுக்கு அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அச்சில் வந்துவிட்டது.

தலைகால் தெரியாமல் ஓடிவந்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் கதையைப் பார்க்கவில்லை. மேலே இருந்த பேரைத்தான் பார்த்தீர்கள். அனலை அலைமகள்.

"உது ஆர்?"

"நான்தானம்மா. புனைபெயர்."

"புனைபெயர் ஏன் வைக்கிறது?"

"ஆரெண்டு தெரியாமல் இருக்க."

"அப்ப ஏனடி ஊரின்ர பேரை முன்னால போட்டனி?"

எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள், அது ஒரு முறை என்றேன். பேருக்கு முன்னால் ஊர் இல்லாவிட்டால் எழுத்தாளர் மாதிரி இருக்காது என்பது என் எண்ணம். நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டீர்கள். "இந்தச் சின்னத் தீவில மூக்குச் சிந்தினாலே ஆரெண்டு தெரியும். இதில எழுதுற குமர் எத்தினை பேரடி இருக்கினம்?"

நான்தான் ஒருத்தி.

அன்று நீங்கள் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கடையில் கிடந்த அந்தப் பேப்பர் எல்லாவற்றையும் வாங்கிச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்தீர்கள். அலுமாரித் தட்டுக்கு விரிக்க வேணுமாம். கடைக்காரர், "எத்தினை அலுமாரி தங்கச்சி வாங்கினனீங்கள்?" என்று கேட்டாராம். ஆனால் வாசிகசாலைக்குப் போன பேப்பரை நீங்கள் என்ன செய்வது? அங்கே யாரோ எழும்பி நின்று கதையை உரத்து வாசித்திருக்கிறார்கள். அடுத்த நாளே பெண்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளை, எங்கட வீட்டுக் கதையை எழுதிப்போட்டாய் என்று ஒருவர் அழுதார். அதற்கு அடுத்த நாள் இன்னொருவரும் வந்து அதையே சொன்னார். நீங்கள் வாசலில் நின்று, "இவள் எழுதேல்லை, இவளுக்கு எழுத்துப் பிழை விடாமல் ஒரு வரி எழுத ஏலாது" என்று எல்லாருக்கும் சொன்னீர்கள். அந்த அவமானம் எனக்குக் கதை வந்த சந்தோசத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் காத்திருப்புத்தான். நாய் குரைத்தால் ஐயா எழும்புவார். ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் நீங்கள் என்னை அறைக்குள் தள்ளுவீர்கள். நான் எழுதி வைத்திருந்த ஒற்றைகள் எல்லாம் அடுப்புக்குள் போயின. இரண்டு கிழமை போனது, ஒருவரும் வரவில்லை. மறந்திருப்பார்கள் என்று ஐயா சொன்னார். நீங்கள் நம்பவில்லை.

ஒரு மத்தியானம் வந்தார்கள். ஐயா தோட்டத்தில். நீங்கள் குசினிக்கு வெளியே கல்லடுப்பு மூட்டித் தாச்சியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு மூன்று பேர், தோளில் துவக்கு. எந்தப் பக்கத்தார் என்று நான் இப்போதும் எழுதப் போவதில்லை. நீங்கள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அவர்களில் ஒருவரின் கையில் அந்தப் பேப்பர். நான் பெருமைப்பட்ட அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்திருந்தது.

"அம்மா, இஞ்ச கதை எழுதுற ஆள் ஆர்? எங்களோட ஒருக்கா வரவேணும்."

ஒருக்கா என்று போனவர்கள் எவ்வளவு காலத்தால் வந்தார்கள், வராமல் விட்டார்கள் என்று நம் வீட்டுக்குத் தெரியாதா? நீங்கள் என் கையில் நகம் பதியக் கிள்ளினீர்கள். பேசாதே என்று அர்த்தம். பிறகு அகப்பையைத் தாச்சியில் இருந்து எடுக்காமலே சொன்னீர்கள்:

"நான்தான்."

அவர்கள் சிரித்தார்கள். "நீங்களோ?"

"ஏன் தம்பி, நான் எழுதக் கூடாதோ? எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சனான்."

"அப்ப கதையைச் சொல்லுங்கோ பாப்பம்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் அந்தக் கதையை வாசித்ததை நான் ஒருநாளும் காணவில்லை. தட்டுக்கு விரித்தீர்கள், அடுப்புக்கு மூட்டினீர்கள், வாசிக்கவில்லை என்றுதான் நம்பியிருந்தேன்.

நீங்கள் சொல்லத் தொடங்கினீர்கள். முதல் வரியில் இருந்து, நான் எழுதியபடியே. வறுத்துக்கொண்டே சொன்னீர்கள். நெடி ஏறி அவர்கள் இருமினார்கள், கண்ணைத் துடைத்தார்கள், தள்ளி நின்றார்கள். நீங்கள் தாச்சியை இறக்கவில்லை. பிறகு கதையில் இல்லாதவை வரத் தொடங்கின. "விடிய ரண்டு தோசை சாப்பிட்டவன். மூண்டாவதைப் போட, வந்து சாப்பிடுறன் எண்டு மூடி வைச்சிட்டுப் போனவன். சேட்டில மேல் பொத்தான் இல்லை. தைச்சு விடுறன், நில்லெண்டு சொன்னனான், நிக்கேல்லை." அதெல்லாம் நான் எழுதாதவை. எனக்கே தெரியாதவை.

"கடைசியா ஒருநாள் பின்னேர லோஞ்சில பெடியன் வந்திட்டான்" என்று முடித்தீர்கள்.

பேப்பர் வைத்திருந்தவர் அதை விரித்துப் பார்த்தார். "இதில வரேல்லை எண்டெல்லோ கிடக்கு?"

"அது பேப்பர்க்காரர் வெட்டிப்போட்டினம் தம்பி. இடமில்லையாம்."

மிளகாய் கறுத்துக்கொண்டிருந்தது. அவர் பேப்பரை நாலாக மடித்தார். கண் சிவந்து தண்ணீர் ஓடியது. நெடியா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியாது.

"எத்தினை மாசத்தால வந்தவன்?"

"மாசக்கணக்கு ஆர் பாத்தது? வந்திட்டான்."

"இனி எழுதாதேங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். படலையைச் சாத்திவிட்டும் போனார்கள். நீங்கள் கரியாகிப்போன மிளகாயை அப்படியே வேலியடியில் கொட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் நிலத்தில் குந்தினீர்கள். தண்ணீர் கொண்டு வந்தேன். குடிக்கவில்லை, முகத்தில் ஊற்றிக்கொண்டீர்கள்.

பொழுதுபட, விளக்கு ஏற்ற முன்னம், என்னைப் பாராமல் கேட்டீர்கள். ஏசப் போகிறீர்கள் என்றும், இனி எழுதாதே என்று நீங்களும் சொல்லப் போகிறீர்கள் என்றும் காத்திருந்தேன்.

"வீட்டுக்குத்தான் வரேல்லை. கதையில எண்டாலும் அவனை வரவிட்டிருக்கலாமே பிள்ளை?"

நான் எழும்பி விளக்கை ஏற்றினேன்.

எழுதுவதை நீங்கள் தடுக்கவில்லை. ஊர்ப் பேரை எடு, அனுப்ப முதல் எனக்குக் காட்டு என்று மட்டும் சொன்னீர்கள். தொண்ணூறில் தீவை விட்டு யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்த காலத்திலும் பழைய கொப்பிகளின் பின்பக்கத்தில் எழுதி உங்களிடம் நீட்டினேன். விரல் வைத்து வாசிப்பீர்கள். "இந்தாளின்ர தொழிலை மாத்து. கிணறு ஆரின்ர வளவில எண்டு போடாதை. இவன் எந்தப் பக்கமெண்டு தெரியுது, தெரியாமல் எழுது." என் எழுத்தில் அளவு இருக்கிறது, அடக்கம் இருக்கிறது என்று இங்கே கூட்டங்களில் பேசுகிறார்கள். அது அடக்கம் இல்லை, உங்கள் பயம் என்று நான் சொல்வதில்லை. இப்போதும் ஒவ்வொரு பக்கத்தையும் முடித்தவுடன், துவக்கோடு வருகிறவன் இதில் எந்த வரிக்குக் கோடு இழுப்பான் என்று ஒருமுறை வாசிக்கிறேன். இங்கே அப்படி ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் வாசிக்கிறேன். இந்த மடலிலும் அண்ணையின் பேரை எழுதவில்லை, பாருங்கள்.

நான் கனடாவுக்கு வந்த பிறகு தொலைபேசியில் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி, "புதுக் கதையில ஆரும் சாகேல்லையே?" என்பது. இல்லையம்மா என்பேன். "ஆரும் திரும்பி வந்தவையே?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்பீர்களோ என்று ஒவ்வொரு முறையும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அதைத்தான் எழுதப் பார்க்கிறேன், அம்மா. எத்தனையோ தரம் தொடங்கிவிட்டேன். லோஞ்ச் வருகிறது. அவன் இறங்குகிறான், மெலிந்திருக்கிறான், தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. மணல் ஒழுங்கையால் நடந்து வருகிறான். நாய்க்கு அவனைத் தெரியவில்லை, குரைக்கிறது. தாய் வெளியே வந்து பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள். அதோடு நின்றுவிடுகிறது. சாப்பிட்டாயோ என்று கேட்க வைத்துப் பார்த்தேன். ஏச வைத்துப் பார்த்தேன். பேசாமல் அழவும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் நான் எழுதியதாக இருக்கிறது. ஒன்றும் உங்கள் வாயில் இருந்து வந்ததாக இல்லை. அண்ணையைக் கண்டவுடன் முதலில் என்ன சொல்வதென்று அத்தனை வருஷமும் நீங்கள் நினைத்து வைத்திருப்பீர்கள். அதை நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன்.

அந்த ஒரு சொல் தெரியாமல் அவனைப் படலையடியிலேயே நிற்பாட்டி வைத்திருக்கிறேன், அம்மா.