மெயின் ஸ்விட்சும் மாவுக்கடை சர்வரும்

டாக்குரியா,
ஞாயிறு

அன்புள்ள அனன்யாவுக்கு,

நான், அப்பா, கிரைண்டர் மூவரும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே டப்ளின் குளிரில் உன் முதுகுவலி எப்படி இருக்கிறதென்று எழுது, நன்றாக இருக்கிறேன் என்று ஒரே வரியில் முடிக்காதே. முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். ஊரான் கம்பெனிகளின் சர்வர் ஒரு நிமிடமும் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை, அதற்குத்தான் சம்பளம். அம்மா மாவுக்கடைக்கு ஆர்டர் எடுக்க ஒரு சைட் வேண்டுமென்றால் மட்டும், “எதுக்கும்மா வாடகைக்கு எடுக்கணும், என் பழைய லேப்டாப்பையே சர்வரா வெச்சுக்கோ” என்று பேட்டரி செத்த பெட்டியை ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றிவிட்டுப் போனாய். பெண்கள் நாலு பேர் சேர்ந்து அரைத்தால் அது தொழில் இல்லை, பொழுதுபோக்கு என்று நீயுமா நினைக்கிறாய்?

நடந்ததைக் கேள். சனிக்கிழமை சாயங்காலம்தான் ஞாயிறு மாவுக்கு ஆர்டர் குவியும். அதே நேரத்தில்தான் நாங்கள் காளிகாட்டுக் கோயிலுக்குக் கிளம்புவோம். முப்பது வருடம் துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்த உன் அப்பா வீட்டைப் பூட்டுமுன் என்ன செய்வார்? அங்கே பழகியபடி மெயின் ஸ்விட்சை அணைப்பார். உன் லேப்டாப், வைஃபை, கடை எல்லாம் சேர்ந்து அணையும். மூன்று சனிக்கிழமை இப்படிப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. பவானிபூர் ஹாஸ்டலில் எண்பது பெண்களுக்கு ஞாயிறு காலை நம் மாவில்தான் இட்லி. இன்னொரு வாரம் சைட் திறக்காவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று வார்டன் சொல்லிவிட்டாள். அந்த ஒரு ஆர்டர் போனால் என்னோடு அரைக்கும் சௌந்தரத்தையும் மற்ற இரண்டு பேரையும் நான் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். லிஃப்டில் ஏறக்கூடாதென்று சௌந்தரத்தை மாவு வாளியோடு நாலு மாடி ஏறவிடும் அதே வீடுகள்தாம், சைட் ஒரு மணி நேரம் நின்றால் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் குதிக்கின்றன.

அதனால் நானே சர்வர் வாடகைக்குத் தேடினேன். விளம்பரத்தில் எல்லாரும் உத்தமர்கள். ஆகவே ஊர் முழுக்கப் பந்தலில் பூவும் கையுமாக நிற்கும் துர்கா பூஜை அஷ்டமி காலையில், புஷ்பாஞ்சலி நேரம் பார்த்து, மூன்று கம்பெனிகளின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். முதல் கம்பெனி எடுக்கவே இல்லை. இரண்டாவதில் ஒருவன், “மாஷிமா, உங்களுக்குப் புரியாது, தாதாகிட்ட, வீட்டு ஆம்பளைகிட்ட குடுங்க” என்றான். கொடுத்தேன். முன்பே சொல்லிக்கொடுத்தபடி உன் அப்பா அவன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், “மேடம்தான் முதலாளி, நான் மாவு டெலிவரி” என்றார். ஏழாவது தடவை அவனே வைத்துவிட்டான். அப்பாவுக்கு ஒரே குஷி, இன்னொருத்தனுக்குப் போடு என்றார்.

மூன்றாவது கம்பெனியில் பின்னால் டாக் மேளம் முழங்க ஒரு பெண் எடுத்தாள், பெயர் தீப்தி. பேச்சிலேயே பிரசாதம் மெல்லுவது தெரிந்தது. எங்கள் சர்வர் நிற்கவே நிற்காது என்று பீற்றிக்கொள்ளவில்லை. போன வருடம் இரண்டு தடவை நின்றது, ஒரு தடவை நாற்பது நிமிடம் ஆனது என்று அவளே சொன்னாள். தினமும் நகல் எடுப்பதாகச் சொன்னதும், வாயால் சொன்னால் போதாது என்று, நம் கடையைச் சோதனைக்கு அங்கே ஏற்றவைத்து, ஒரு வார ஆர்டரை அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். “மாஷிமா, பூஜை நாள்ல இப்படிப் படுத்தறீங்களே!” என்று சிரித்துக்கொண்டே இருபது நிமிடத்தில் கொண்டுவந்துவிட்டாள். மாத வாடகை மூன்று கிலோ உளுந்து விலை. முதல் வருடம் மட்டும் மலிவா என்று கேட்டு, அடுத்த வருட வாடகையையும் எழுதி வாங்கிக்கொண்டேன். பெரிய கம்பெனியில் நீ பார்த்துப் பார்த்துச் சேர்க்கும் அலங்காரமெல்லாம் நம் இட்லி மாவுக்கு எதற்கு?

நேற்று சனிக்கிழமை. அப்பா வழக்கம்போல மெயினை அணைத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். ஷேர் ஆட்டோ கரியாஹாட் தாண்டும்போது என் போன் சிணுங்கியது, ஹாஸ்டல் ஆர்டர். பின்னாலேயே ஒன்பது ஆர்டர். உன் அப்பா முகம் வெளிறிப்போய், “வல்லி, நான் மெயின அணைக்க மறந்துட்டேன்” என்று நடுவழியில் இறங்கி வீட்டுக்கே நடந்துவிட்டார். சர்வர் வீட்டில் இல்லை என்பதை இன்னும் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, அவருக்கு நடை நல்லது.

சர்வர் கணக்கு எங்கள் நாலு பேர் பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்டும் நாலு பேருக்குத்தான். உனக்குக் கிடையாது. நீ நீடூழி வாழ வேண்டும், முதுகு நேராக உட்கார வேண்டும். தை மாதம் வரும்போது உன் லேப்டாப்பை மறக்காமல் எடுத்துப் போ. இப்போதைக்கு அது மாவு பொங்கி டிரம் மூடியைத் தள்ளாமல் கனத்துக்கு மேலே இருக்கிறது. இந்த வேலையில் இதுவரை ஒரு நாளும் நிற்கவில்லை.

அன்புடன் உன் அம்மா,
சுந்தரவல்லி வீரராகவன்