பொறும், விலை ஏறும் என்றீர்களே

என்ர இஞ்சாருங்கோவுக்கு,

கலியாணம் கட்டின நாளிலிருந்து உங்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது நாலு பேர் வாசிக்கப் போகிற கடிதத்தில் மட்டும் எப்படிப் பேரை எழுதுவது? வெட்கமாயிருக்கிறது. வீட்டில் கூப்பிட்டபடியே கூப்பிடுகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. போன சனிக்கிழமை காரை விற்றுவிட்டேன். ஓம், கமாரோவைத்தான். விலை ஏறவில்லை. இறங்கின விலைக்குத்தான் கொடுத்தேன். கோபிக்காமல் முழுக்கக் கேளுங்கள்.

அந்தக் கார் வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ? தாலிக்கொடியைப் பெரிதாய்ச் செய்யவென்று நான் சீட்டுக் கட்டி வந்தேன். சீட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போன மனிசன், பின்னேரம் எங்கட லண்டன் எட்மண்டன் வீட்டு வாசலில் ஒரு சிவப்புக் காரோடு வந்து நின்றீர்கள். நீங்கள் வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷனுக்கு வருகிற யாரோ வெள்ளைக்காரன், பெற்றோல் ஊற்றிக் கட்டாது என்று தள்ளிவிட்ட கார். மகள் அப்போது என் வயிற்றில்.

"இதென்ன கண்டறியாத கார்?" என்று கேட்டேன்.

"மசில் கார். அமெரிக்கன். சத்தத்தைக் கேளும்."

"கொடி எங்கை?"

"இதுதான் கொடி. பொறும், விலை ஏறும். தங்கத்தை விட ஏறும்."

அன்றைக்கு அழுத அழுகைக்கு அளவில்லை. கோதாரியில் போன கார் என்று வாய்விட்டுத் திட்டினேன். யானையைக் கட்டித் தீனி போட்டது போலத்தான் அதற்குப் பெற்றோல் அடித்தோம். சனம் எல்லாம் மஸ்டாங், மஸ்டாங் என்று கேட்கும். "மஸ்டாங் இல்லை, கமாரோ" என்று நீங்கள் ஒவ்வொருத்தரையும் பிடித்துவைத்து விளங்கப்படுத்துவீர்கள். எனக்கென்றால் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அது இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள கார். லண்டனில் எல்லோரும் ஓட்டுகிற வலப்பக்கத்தில் நான் சும்மா இருந்து வருவேன். ஒருநாள் ஃபாரஸ்ட் கேட் சிக்னலில் நின்றபோது, பின்சீற்றில் அழுத பிள்ளைக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுக்க முழுக்கத் திரும்பியிருந்தேன். பக்கத்து பஸ்சில் இருந்த மனிசி, சேலை கட்டின ஒருத்தி ரோட்டைப் பாராமல் கார் ஓட்டுகிறாளே என்று வாயில் கை வைத்தது. வீடு வந்து சேரும்வரை நீங்கள் சிரித்தீர்கள்.

முன்னால் ஒரு லொறி போனால் உங்களுக்கு எதிரே வருவது தெரியாது. எனக்குத்தான் தெரியும். "இஞ்சாரும், வருதோ?" என்பீர்கள். நான் கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். "பொறுங்கோ. ஒரு வான் வருது. பொறுங்கோ, பொறுங்கோ. ஒண்டும் வரேல்லை, போங்கோ."

நான் போங்கோ என்று சொல்லாமல் நீங்கள் ஒருநாளும் எடுத்ததில்லை. பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடித்தாலும் எடுக்கமாட்டீர்கள். வீடு வாங்கும்போதும் என் சொல்லைக் கேட்காத மனிசன், வேலை மாறும்போதும் கேட்காத மனிசன், லைசென்ஸ் இல்லாத என் வாயைப் பார்த்துக்கொண்டு ரோட்டில் இருப்பீர்கள். அதற்காகவே எனக்கு அந்தக் காரில் ஆசை வந்தது. இதை உங்களுக்கு நான் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

பிறகு விலை உண்மையாகவே ஏறத் தொடங்கியதே, அந்த நாட்களில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு ஏல விலை வாசிப்பீர்கள். மற்ற மனிசர் கிரிக்கெட் பார்ப்பது போல. "இஞ்சாரும், எங்கட காரைப் போல ஒண்டு நேற்றுப் போயிருக்கு, விலையைக் கேட்டால் விழுந்திடுவீர்." பிறந்தபோது இருந்த எஞ்சின் அப்படியே இருந்தால் ஒரு விலை, மாற்றியிருந்தால் வேறு விலை என்று எனக்குப் பாடம் எடுப்பீர்கள். எங்கள் காரை முந்தி வைத்திருந்தவன் எஞ்சினை மாற்றிவிட்டான் என்பது உங்களுக்குத் தீராத கவலை. கறி ஆறிப்போகும்.

கொரோனா முடிந்த கையோடு அந்த விலை உச்சிக்குப் போனது. கென்ட் பக்கமிருந்து ஒருவன் வாசலுக்கே வந்து கேட்டான். அவன் சொன்ன விலையைக் கேட்டு உங்கள் தம்பி குகனே கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு குடுங்கோ." நானும் கெஞ்சினேன். மெல்பேர்ணில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. விற்றால் இரண்டு பேரும் போய்ப் பேரனைத் தூக்கலாம் என்றேன்.

நீங்கள் கேட்டீர்களோ? "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். பொறும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும். ஆறு மாதம் போய் நிண்டிட்டு வருவம்." கென்ட்காரனைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினீர்கள். அந்த முறை நான் அழவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. சூட்கேசை மட்டும் திரும்பவும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

ஏறவில்லையே அப்பா. முதலில் ஒரு இடத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. "இது மூச்சு வாங்குது, பொறும்" என்றீர்கள். அதற்குள் உங்கள் வயிற்றில் அந்தக் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். உங்களுக்குத்தான் மூச்சு வாங்கத் தொடங்கியது. மெல்பேர்ண் பற்றிப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. எனக்கு உங்களில் கோபம். இப்போதும் கோபம்தான். சாமி அறையில் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சில நாள் பூ வைக்காமல் திட்டிவிட்டுப் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாய் நீங்கள் கிடந்தபோது, இனி நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மகளுக்குப் போன் பண்ணிவிட்டு வந்து உங்கள் கையைப் பிடித்தேன். "மகள் வெளிக்கிட்டிட்டாள். பொறுங்கோ." உங்கள் கண் திறக்கவில்லை, ஆனால் நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரியும். அவள் வந்து இறங்கும்வரைக்கும் பொறுத்தீர்கள். அவள் நெற்றியில் கை வைத்தபோது "வந்திட்டியோ" என்றீர்கள். அதுதான் நீங்கள் கதைத்த கடைசிச் சொல்.

அதற்குப் பிறகாவது நான் விட்டிருக்கலாம். விட மனம் வந்ததோ? நீங்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டே பொறுங்கோ, பொறுங்கோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள்தான் சொன்னாள், "அம்மா, அப்பா உங்கட சொல்லுக்குத்தான் நிக்கிறார். போகச் சொல்லுங்கோ." "வாயை மூடு" என்று அவளைப் பேசிவிட்டேன். பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையை, அவ்வளவு தூரம் பறந்து வந்த பிள்ளையை, அப்படிப் பேசினேன்.

ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவென்று அவள் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை. என்னைக் கேட்காமல் ஒருநாளும் எடுக்காத மனிசன், நான் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். வழி பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் எப்படிப் போனீர்கள்? இதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மகளும் திரும்பிப் போனபின், ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜுக்குப் போய்க் கதவைத் திறந்து என் சீற்றில் இருப்பேன். இடப்பக்கம் பார்க்கமாட்டேன். காரும் கெட்டுக்கொண்டு வந்தது. பற்றரி செத்துவிட்டது, டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. ஓடாமல் நிற்கிற காருக்கு விலை இன்னும் கெதியாய் விழும் என்று நீங்களே சொல்லுவீர்கள். ஓட்ட யார் இருக்கிறார்கள்? குகனுக்கு அந்தக் காரில் ஏறினாலே தலை சுற்றும்.

"அண்ணி, இப்ப விக்காதேங்கோ," என்று அவன் பிளேஸ்டோவிலிருந்து போன் பண்ணுவான். "சம்மர் வரட்டும். வெயில் எறிச்சால் வாங்க ஆக்கள் வருவினம். பொறுங்கோ, ஏறும்." உங்கள் குரல் போலவே இருந்தது. "இன்னும் எவ்வளவு காலம் பொறுக்கிறது, குகன்? பொறுத்தவரின்ர படத்துக்கு விளக்கு வைக்கிறன் நான்," என்றேன். அதற்குப் பிறகு அவன் தானே விளம்பரம் போட்டான்.

வந்தவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். மீன்கடை வைத்திருந்து ஓய்ந்தவராம். தனியே ரயிலில் வந்தார். பொனெற்றைத் திறந்து கனநேரம் குனிந்து நின்றார். "பிறந்த எஞ்சின் இல்லை," என்றார். "தெரியும். என்ர மனிசன் அதை நினைச்சுக் கவலைப்பட்டுத்தான் செத்தவர்," என்றேன். கோவிலில் பூசை செய்தபோது ஐயர் வைத்த சந்தனம் முன்பக்கம் கறையாய் நிற்கிறதே, அதைத் தடவிப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். அதற்கு விலை குறைக்கவில்லை, நல்ல மனிசன்.

ஏன் இப்படி விலை விழுகிறது என்று நான்தான் வாயைக் கொடுத்துக் கேட்டேன். அவர் இங்கிலீசில் சொன்னதை எங்கட பாஷையில் சொல்கிறேன்.

"இந்தக் காரைச் சின்ன வயசில பாத்து ஏங்கின ஆக்கள்தான், கையில காசு வந்தாப்போல போட்டி போட்டு வாங்கினவை. அதாலைதான் ஏறினது. இப்ப அந்த ஆக்கள் ஒவ்வொருத்தராப் போகினம். மனிசிமார் கராஜைத் திறந்து விக்கினம். இளம் பொடியளுக்கு இதில ஆசை இல்லை. அவைக்கு அவையின்ர காலத்து ஜப்பான் கார்தான் வேணும்."

"அப்ப எங்களாலைதான் விலை விழுகுதோ?" என்று கேட்டேன்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அடுத்த முறை என்ர மனிசி உங்களைப் போலத்தான் கதவைத் திறந்துகொண்டு நிப்பா." பிறகு விலை சொன்னார். நான் பேரம் பேசவில்லை. குகனுக்கு முகம் கறுத்துவிட்டது.

ஆயிரம் பொன் என்றீர்களே. யானை அப்படியே இருக்க, பாகன் போனாலும் விலை விழும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தங்கப் பவுண் இன்றைக்கு விற்கிற விலை தெரியுமோ? கொடியைச் செய்திருந்தால் நான் இப்போது ராணி. சிரிக்காதேங்கோ.

குகன் புதுப் பற்றரி போட்டான். இரண்டு தரம் இருமிவிட்டுக் கார் முழங்கியது. பக்கத்துக் கராஜில் நின்ற புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நான் காதைப் பொத்தவில்லை. கராஜிலிருந்து போகிற ஒழுங்கையின் முகப்பில், ரோட்டில் ஏறுகிற இடத்தில், வலப்பக்கம் ஒரு வெள்ளை வான் மறைத்துக்கொண்டு நின்றது. கிழவர் காரை நிறுத்தி, எட்டி என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஏதும் வருதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?"

நான் போய் வானுக்கு முன்னால் நின்று பார்த்தேன். ஒரு பஸ் வந்தது. "பொறுங்கோ," என்றேன், தமிழில். வாயில் அதுதான் வந்தது. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், பொறுத்தார். பஸ் போனது. பின்னால் சாப்பாடு கொண்டுபோகிற ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பிறகு ரோட்டில் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் சொல் வரவில்லை. கார் எனக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நிற்கிறது. "அண்ணி, ரோட் கிளியர்," என்றான் குகன். கிழவர் அவனைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் பார்க்கிற மாதிரியே.

"ஒண்டும் வரேல்லை," என்றேன். "போங்கோ."

போனது. மூலையில் திரும்பும் வரைக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சொல்லை நான் அந்தக் கிழவருக்குச் சொல்லவில்லை. பிந்தித்தான் சொல்கிறேன், ஆனாலும் உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன். கேட்டதோ?

மெல்பேர்ணுக்கு ஒரு ரிக்கற் எடுத்திருக்கிறேன். வலப்பக்க ஜன்னல். பேரன் இப்போது ஓடித் திரிகிறானாம், கார் என்றால் உயிராம். உங்களைப் பற்றிச் சொல்லுவேன். திட்டாமல் சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு சத்தியமும் பண்ணித் தருகிறேன். எனக்கும் ஒருநாள் அந்த ரோட்டில் ஏற வேண்டும்தானே. அப்போது அந்தப் பக்கம் உங்களுக்குத்தான் வடிவாய்த் தெரியும். கழுத்தை நீட்டிப் பார்த்துச் சொல்லுங்கோ. நீங்கள் "ஒண்டும் வரேல்லை, வாரும்" எண்டு சொல்லும்வரைக்கும், ஆர் பின்னாலை நிண்டு ஹோர்ன் அடிச்சாலும், நான் எடுக்கமாட்டன்.

உங்கட சொல்லுக்குப் பொறுத்திருக்கிற,
உங்கட "இஞ்சாரும்"